மூன்றாம் பெட்டியில் கட்டில்

என் அத்தான் ஹியூபேட்டின் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கண்டு யாரும் நாக்கில் எச்சில் ஊற நிற்கக் கூடாது. திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் பிளொக்தான் இருக்கும். பிள்ளைகள் ஒன்றோடொன்று பொருத்தி வீடு, லொறி, பாலம் என்று கட்டுவார்களே, அந்தக் கட்டைகள். மொத்தம் இருபத்தாறு டப்பா. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, பெட்டி இலக்கம், நிறம், எத்தனை துண்டு என்று அச்சடித்த மாதிரி எழுதி வைத்திருப்பார். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வாடகை வீட்டில் மனிதர் படுக்கவே இடம் போதாது. ஆனால் அந்த இருபத்தாறுக்கும் தனியாக ஒரு றாக்கை இருக்கிறது.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருபத்தேழு வருடமாக ஸ்டோர் கீப்பர். முக்கால் அங்குல நட் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் எந்த றாக்கை, எத்தனையாவது லாச்சியை இழுக்க வேண்டும் என்று சொல்லுவார். கல்யாணம் முடிந்த புதிதில் என் அக்கா இமெல்டா உப்புப் போத்தலை இடம் மாற்றி வைத்துவிட்டாள் என்று மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. “உன்னையும் ஒரு நாளைக்கு லேபல் ஒட்டி லாச்சிக்குள்ள வைக்கப் போறார், பாத்துக்கொள்” என்று நான் அன்றைக்கே சொன்னேன். அக்கா சிரித்தாள். அப்போது அவள் நன்றாகச் சிரிப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு கவிழ்ந்தபோது இறக்குமதி நின்றது, கடையில் பாதிச் சம்பளம் என்றார்கள். ஓகஸ்ட் மாதம் அக்கா குவைத்துக்குப் போனாள், அங்கே ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பார்க்க. தன்னுடைய பிள்ளை தனுஷியாவுக்கு அப்போது ஏழு வயது. வேறொருத்தியின் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டப் போவதற்காகத் தன் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற கேடுகெட்ட கணக்கை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது.

அந்த வீட்டுப் பிள்ளைகள் பிளொக் வைத்து விளையாடுவதைப் பார்த்துத்தான் அக்காவும் வாங்கத் தொடங்கினாள். நாலைந்து மாதத்துக்கு ஒரு கார்கோ பெட்டி வரும். பால்மாவு, சவர்க்காரம், துவாய், அடியில் ஒரு பிளொக் செட். அத்தான் அதை இறக்கி வைக்கிற பக்குவத்தைப் பார்க்க வேண்டும். முதலில் எல்லாத் துண்டையும் வலைப் பையில் போட்டுச் சோப்புத் தண்ணீரில் அலசுவார். பல்கனியில் துவாய் விரித்துக் காயவிட்டு, காகம் தூக்கிப் போகாமல் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருப்பார். பிறகு வகை பிரித்து, எண்ணி, டப்பாவில் போடுவார். மகள் விளையாடுவதற்கும் சட்டம் இருந்தது. தரையில் பழைய பெட்ஷீட் விரித்து அதற்கு மேலேதான் கொட்டலாம். முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் ஒரு துண்டும் தவறாது.

“அவள் அங்க எவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்புறாள், ஐறீன்” என்பார் என்னிடம். “வந்து பாக்கேக்க ஒண்டும் குறையக் கூடாது.”

இதுதான் அந்த மனிதனின் காதல் கடிதம். வேறு மாதிரி எழுத அவருக்கு வராது.

சட்டத்துக்கு அடங்காமல் ஒரே ஒரு பொருள் அந்த வீட்டில் வளர்ந்தது. அக்காவின் தையல் மெஷின் மூடியின் மேல் தனுஷியா எல்லா செட்டையும் கலந்து எதையோ கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சுவர் பச்சை, மறு சுவர் பாதி நீலம் பாதி மஞ்சள், கூரை இருக்கிற இடத்தில் லொறிச் சில்லு. அத்தானுக்கு அதைப் பார்க்கப் பார்க்க உடம்பு கூசும். ஆனால் பிள்ளை சத்தம் போடாமல் இருக்கிறாள் என்று பொறுத்துக்கொண்டார். பதினொரு மாதம் பொறுத்தார்.

பள்ளிக்கூடம் விட்டு அத்தான் வேலையால் வரும்வரை தனுஷியா கீழ்வீட்டு ஜவாஹிறாவோடுதான் இருப்பாள். வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஓய்வு. அந்தப் பின்னேரம் ஜவாஹிறா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தன் போனோடு மேலே வருவாள், தாயும் மகளும் வீடியோவில் கதைப்பார்கள். அத்தான் கடையில் இருப்பார், நான் வெள்ளவத்தையில் புடவைக் கடையில் நிற்பேன். என்ன கதைத்தார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இருபத்து நாலாம் ஆண்டு செப்டெம்பரில் இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து அக்கா வருகிறாள் என்றானதும் வீட்டைத் துப்புரவாக்க நான் ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அத்தானும் லீவு. தனுஷியா பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

“இதக் கழட்டி வைப்பம்” என்றார் அத்தான், தையல் மெஷினைக் காட்டி. “எல்லா செட்டும் கலந்து கிடக்கு. வந்தவுடன இமெல்டா இதப் பாத்தா என்ன நினைப்பாள்?”

நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஒட்டடை படிந்த குப்பை என்றுதான் எனக்கும் தோன்றியது. கூரையை முதலில் கழற்றியது நான். இறுகிப்போன துண்டுகளை நகம் உடையப் பிரித்ததும் நான்தான். அத்தான் பழைய பல் பிரஷால் தூசு தட்டித் தட்டி டப்பாவுக்குள் போட்டார். பின்னேரம் இரண்டு மணிக்கெல்லாம் றாக்கை நிறைய டப்பாக்கள் நேர்கோட்டில் நின்றன. ஒரு துண்டும் குறையவில்லை. அத்தானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவருடைய கல்யாணத்தன்றும் காணவில்லை.

பிள்ளை வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. மெஷினைப் பார்த்தாள், றாக்கையைப் பார்த்தாள்.

“கட்டில் எங்க?” என்று கேட்டாள்.

“என்ன கட்டில் மகள்?”

“உள்ளுக்க இருந்த கட்டில். சிவப்பு.”

“ஓ, அதா? மூண்டாம் பெட்டியில இருக்கு. சிவப்பு நாலு புள்ளித் துண்டு, ஆறு” என்றார் அத்தான், பெருமையாக.

அவள் அழவில்லை. போய் முகம் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டாள்.

அக்கா வந்தாள். மெலிந்து, தலை முன்பக்கம் நரைத்து, எதற்கெடுத்தாலும் மணி பார்க்கிறவளாக வந்தாள். டப்பாக்களைக் கண்டு, “எவ்வளவு வடிவா வச்சிருக்கிறீங்க” என்று அத்தானிடம் சொன்னாள். அத்தானுக்கு அது போதும். இரண்டாம் நாள் குசினியில் எங்கள் இரண்டு பேருக்கும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குச் சைன் வச்சிட்டுத்தான் வந்தனான். ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு. பிள்ளைக்கு இப்ப சொல்லாதீங்க, நேரம் பாத்து நான் சொல்லுறன்.”

நேரம் பார்த்துக்கொண்டே ஒரு மாதம் போனது. மடு மாதா கோயிலுக்குப் போனார்கள், நீர்கொழும்பில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள், நுகேகொடையில் சட்டை எடுத்தார்கள். தனுஷியா தாயின் கையை விடாமல் திரிந்தாள், பிளொக்கை மறந்தே போனாள். போவதற்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கா அலுமாரிக்கு மேலிருந்து சூட்கேஸை இறக்கினாள். பிள்ளை அதைக் கண்டாள். அன்றே றாக்கையிலிருந்து டப்பாக்களை இழுத்துத் தையல் மெஷினில் வைத்து மறுபடி கட்டத் தொடங்கினாள். சோறு வேண்டாம், குளிப்பு வேண்டாம்.

ஜவாஹிறாதான் படியில் என்னையும் அத்தானையும் மறித்துச் சொன்னாள். “அத ஏன் கழட்டின நீங்க? புள்ள உம்மாக்கு அறை கட்டின. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காட்டுவா. என்ட அறைய முடிச்சிட்டீங்கன்டா நான் வந்து உங்களோட நின்டுருவன் மகள், எண்டு இமெல்டாதான் சொன்ன. என்ட காதால கேட்டன்.”

பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை. தாய்மார் சொல்லுவார்கள்தான். ஆனால் ஒரு பிள்ளை அதைப் பதினொரு மாதம் கட்டியிருக்கிறாள்.

அத்தான் மேலே போனார். மகளுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். அவள் “பச்சை நீட்டு” என்றால் பார்க்காமலே கை விட்டு எடுத்துக் கொடுத்தார். அக்கா சைன் வைத்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியும். மாளிகையே கட்டினாலும் அவள் நிற்கப்போவதில்லை என்பதும் தெரியும். அப்படியிருந்தும் மூன்று நாளும் அவர் கடைக்குப் போகவில்லை. ஆனால் எந்தச் சுவர் எங்கே இருந்தது என்று பிள்ளைக்கே சரியாக நினைவு வரவில்லை. கட்டுவாள், இல்லை என்பாள், கழற்றுவாள்.

வான் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தபோது மூன்று சுவர்தான் எழும்பியிருந்தது. சிவப்புக் கட்டில் உள்ளே இருந்தது. தனுஷியா எழும்பி வந்து தாயின் சட்டையைப் பிடித்தாள்.

“நில்லுங்க அம்மா. அறை முடிஞ்சா நிக்கிறன் எண்டு சொன்னீங்கதானே. இன்னும் ஒரு சுவர்தான்.”

அக்கா என்னைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தலையைத் தடவி, “அறை இன்னும் முடியல்லையே மகள்” என்றாள். “அப்பா கழட்டிட்டார்தானே. என்ன செய்ய?”

என் கூடப்பிறந்தவள். அவளை நான் அந்த இடத்தில் அறைந்திருக்க வேண்டும். அத்தான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று தொடங்கி அந்தப் பிள்ளை தகப்பனோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள். கொப்பி வேண்டும், வான்காரனுக்குச் சல்லி வேண்டும், அவ்வளவுதான். தாய் வரும்போதே சைன் வைத்துவிட்டுத்தான் வந்தாள் என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை குதித்திருக்கிறேன். ஒருநாள் அத்தான் என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

“அவளுக்கு ஆரோ ஒராள்ல கோபம் வேணும், ஐறீன். என்னில இருக்கட்டும். நான் இஞ்சதானே இருக்கிறன், தினம் சோறு குடுக்கிறன், எப்பயாவது ஆறும். தாயில கோபம் வந்தா அந்தத் தூரத்தில இருந்து அவள் எப்படி ஆத்துறது?”

எனக்கு மனம் பற்றி எரிந்தது. இப்படி ஒரு மனிதனை உப்புப் போத்தலுக்காக நான் எத்தனை வருடம் பகிடி பண்ணியிருக்கிறேன்.

அது நடந்து இரண்டு வருடமாகப் போகிறது. போன ஞாயிறு நான் போனபோது புதிய கார்கோ பெட்டி வந்திருந்தது. அடியில் பெரிய செட் ஒன்று. தனுஷியாவுக்குப் பதினொரு வயது. திரும்பியும் பார்க்கவில்லை, மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அத்தான்தான் தரையில் பெட்ஷீட் விரித்து, கழுவிக் காய்ந்த துண்டுகளை வகை பிரித்துக்கொண்டிருந்தார். அப்போது போன் வந்தது. பிள்ளை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“மகள், பார்சல் கிடைச்சதா?” அக்காவின் குரல். “அம்மாக்கு இந்த முறை லீவு இல்ல மகள். இன்னும் ரெண்டு வருஷம் நிக்கச் சொல்லுறாங்க. நான் ஓம் எண்டு சொல்லிட்டன்.”

பிள்ளை பேனையை வைக்கவில்லை. எழுதிக்கொண்டே சொன்னாள். “எனக்குத் தெரியும் அம்மா. அப்பா அண்டைக்கு அதக் கழட்டாம இருந்திருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க. அப்படித்தானே?”

போனில் எங்கேயோ வேறு இரண்டு பிள்ளைகள் சிரித்து ஓடுகிற சத்தம் கேட்டது. இப்போதாவது சொல்லு, இமெல்டா, இல்லை என்று ஒரு சொல் சொல்லு, என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

“ஓம் மகள்” என்றாள் என் அக்கா.

நான் போனைப் பறிக்கப் பாய்ந்தேன். அத்தான் என் கையைப் பிடித்தார். இத்தனை வருடத்தில் அவர் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிடி இறுகியிருந்தது. முகம் மட்டும் குனிந்து, விரிப்பில் கிடந்த சிவப்புத் துண்டுகளைப் பார்த்தபடி இருந்தது.

“ஐறீன்” என்றார். “அந்த மூடிய எடு. இது மூண்டாம் பெட்டி.”