மூன்றாம் வினாவும் ஒன்றரை முழக் கயிறும்

என் எழுதுமேசையின் இழுப்பறையில் ஒன்றரை முழக் கயிறு கிடக்கிறது. உப்பேறிக் கருத்த அதைத் தொடும்போதெல்லாம், காய்த்துப்போன இரு கைகள் நினைவில் எழுகின்றன. அக்கைகளுக்குரியவர் புன்னைக்காயலைச் சேர்ந்தவர். சங்கு குளிக்கும் தோணியில் அமர்ந்து, மூழ்குபவரின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருப்பது அவர் தொழில்.

எழுபதுகளின் பிற்பகுதியில், இலங்கைக் கலவரத்திலிருந்து தப்பி வந்தோரின் உளக்காயங்களைப் பதிவுசெய்ய, மானிடவியல் ஆய்வாளனாகத் தூத்துக்குடிக் கரைக்குச் சென்றேன். கயிற்றுக்காரரின் தங்கை கணவரும் அவ்வாறு வந்தவரே. இளமையில் சங்கு குளித்தவர். பின்னர்க் கொழும்பில் கடைப்பணியாளரானவர். கலவரக்காரர்கள் கடையைக் கொளுத்திய நாள்முதல் அவர் அரிதாகவே பேசினார். நானோ வினாத்தாளை விரித்து, அடுத்தடுத்துக் கேட்டேன். மூன்றாம் வினா, 'கண்ணெதிரே யாரை இழந்தீர்?' அவர் கட்டிலுக்கடியில் ஊர்ந்து சென்று ஒடுங்கினார். அன்றோடு அந்தச் சிறு பேச்சும் நின்றது.

ஒரு வாரத்திற்குள் பேசாவிடில் உளநோய் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றார் மருத்துவர். அம்முடிவுக்கு என் அறிக்கையைக் கேட்டிருந்தார். "அவிய அங்கன போனா கரையேற மாட்டாவ, சார்" என்று கயிற்றுக்காரரின் தங்கை அழுதார்.

மறுநாள் கயிற்றுக்காரர் என்னைத் தேடி வந்தார். "ஆழம் பாக்காம ஆள எறக்கிட்டீய, சார். கயிறு யாரு பிடிச்சா?"

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். "கயிறு பிடிக்க அண்ணன் தம்பி ஆவாது. இவன் செத்தா அவனுக்குச் சொத்துல பங்கு வரும். மச்சினன்தான் பிடிக்கணும். நான் கைய விட்டா என் தங்கச்சி தாலில்லா போவும்."

கரையேற்றிய தோணியின் நிழலில் மைத்துனரை அமர்த்தி, அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி அமர்ந்தார். மைத்துனர் கயிற்றை அசைத்தால் நான் வாயை மூட வேண்டும் என்பதே ஏற்பாடு. "பாதியில நிப்பாட்டுதது படிச்சவியளுக்குத்தான் கஷ்டம்" என்று கயிற்றுக்காரர் சிரித்தார்.

முதல் நாள் நான் வாய் திறக்குமுன்பே கயிறு அசைந்தது. மூன்றாம் நாள், கடையின் அமைப்பைப் பற்றி நான்கு சொற்கள் வந்தன. ஐந்தாம் நாள் நான் எதுவும் கேளாமலே குரல் எழுந்தது. "மச்சான், கதவத் தட்டுனாவ..."

அதன்பின் அவர் நெடுநேரம் பேசினார். கயிற்றுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. 'யார்' என்றும் கேட்கவில்லை. இறுதியில் கயிறு ஒருமுறை அசைந்தது. கடலிலிருந்து தூக்குவதுபோலவே, கைமாற்றிக் கைமாற்றி அவரைத் தம் தோள்வரை இழுத்தார்.

"போதும் மாப்ளே. கஞ்சி ஆறுது. வாரும்."

'பேசுகிறார், இல்லத்திலேயே இருக்கலாம்' என்று அறிக்கை எழுதினேன். மருத்துவர் அதனை ஏற்றார். முழுநலம் என்று அதனைச் சொல்லமாட்டேன். சாத்திய கதவுக்குள் அம்மைத்துனர் வாழ்நாள் முழுதும் உறங்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். ஆயினும் கிழிந்த வலை பொத்தினார், பிள்ளைகளோடு உண்டார், ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்றார்.

விடைபெற்ற நாளில் கயிற்றுக்காரர் இத்துண்டை அறுத்துக் கொடுத்தார். "ஒங்களுக்கு மச்சினன் உண்டா, சார்?"

"இல்லை" என்றேன்.

"அப்ப ரொம்ப ஆழத்துக்குப் போவாதீய."

அவர் செய்ததற்கு இன்று என் துறையில் பெயர்கள் பல உள. அவற்றுள் எதுவும் அந்தக் கைகளின் பொறுமைக்கு ஈடாகாது. அன்றைய வினாத்தாளும் இவ்விழுப்பறையில்தான் இருக்கிறது. ஐந்தாம் நாள் விடை என் செவியில் விழுந்தது, நான் எழுதவில்லை. மூன்றாம் வினாவின் எதிரேயுள்ள வெற்றிடத்தின்மேல் கயிறு கிடக்கிறது.