ஹட்சன்ஸ் பெயரில் நின்ற கூரை

டெட்ராய்டிலிருந்து வந்த கார் கம்பெனிக்காரர் புத்தம் புது வண்டியின் சாவியை நீட்டியபோது, டாய்ல் ஹட்சன்ஸ் அதை இடது கையால் வாங்கினான். வலது மணிக்கட்டு ஒரு மாதமாகவே நிமிரவில்லை. தொங்கிய கையைக் கோட்டுப் பைக்குள் செருகியிருந்தான். அது 1962 பிப்ரவரி.

லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே சவுத் கேட்டில் அவனுடைய டிங்கரிங் பட்டறை இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடம் தொடங்கியது. காரின் கூரையை மூன்று அங்குலம் வெட்டி இறக்குவான், கதவுக் கைப்பிடிகளைப் பிடுங்கி ஓட்டையை அடைப்பான், ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் ஈயத்தை உருக்கிப் பூசி அரத்தால் இழைத்துவிடுவான். அந்த வண்டிகளைத் தரையை உரசாத குறையாக ஓட்டிப் போனவர்களுக்குப் போலீஸ் அபராதம் போட்டது. வெட்டிய வண்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனிகள் கைகழுவின. இப்போது அதே கம்பெனிகளில் ஒன்று அவனைத் தேடி வந்திருக்கிறது. இந்த மாதிரி வண்டிகளின் கண்காட்சிக்கு இளவட்டங்கள் டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்பதை டெட்ராய்ட் கடைசியில் பார்த்துவிட்டது.

"உங்க கைவண்ணத்தை இருபது ஊருக்குக் கொண்டுபோறோம், மிஸ்டர் ஹட்சன்ஸ்" என்றார் கம்பெனிக்காரர் ரென்விக். "இந்த வண்டிய வெட்டி மாத்தி ஏப்ரல் கடைசிக்குள்ள குடுத்துடுங்க. நல்லா அமைஞ்சா வருஷத்துக்கு மூணு வண்டி உங்களுக்குத்தான்."

ஈயம் உடம்பில் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது, இனி அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லி பத்து நாள்கூட ஆகவில்லை. அவன் சாவியை வாங்கிவந்த அன்று மனைவி வெர்னா சமைக்கவே இல்லை.

"அந்தாளுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடு."

"சொல்லிட்டு? பெட்ரோல் பங்க்ல போய் கண்ணாடி துடைக்கவா?"

"துடைக்க ஒரு கையாவது மிஞ்சும்."

டாய்ல் கேட்கவில்லை. மணிக்கட்டைத் தோல் வாரால் ஒரு மரச்சட்டத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு கூரையை வெட்டினான். வெட்டியது சரியாகத்தான் வந்தது. வெல்டிங் வைக்கும்போது கை இழுத்த இழுப்புக்கு வரவில்லை. நெருப்பு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. கூரைத் தகடு பொரித்த அப்பளம்போல அலையலையாக எழும்பியது. சுத்தியலை எடுத்துத் தட்டினான். தட்டத் தட்ட இன்னும் மோசமானது. பிறகு பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மதிய உணவு நேரம் போனது, வெளியே வெயில் இறங்கியது, எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அந்தக் கூரையை மீட்கக்கூடிய ஆள் ஒருவன்தான். சூயி அரெயானோ. நாலு வருடம் டாய்லோடு வேலை பார்த்தவன். 1955இல் அவர்கள் இருவரும் செய்த வண்டி ஒரு கண்காட்சியில் கோப்பை வாங்கியது. பத்திரிகைக்காரன் பக்கத்தில் நின்ற சூயியைக் காட்டி யாரென்று கேட்டபோது, "பட்டறை கூட்டறவன்" என்று டாய்ல் சிரித்துக்கொண்டே சொன்னான். அதோடு சூயி போனவன்தான். லாஸ் ஏஞ்சலஸின் கிழக்கே பாயில் ஹைட்ஸில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தான்.

டாய்ல் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து சூயி கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"என்ன, பட்டறை கூட்ட ஆள் வேணுமா?"

டாய்ல் பையிலிருந்து வலது கையை எடுத்துக் காட்டினான். அது வாடிய தண்டுபோலத் தொங்கியது. சூயி அப்போதுதான் அரத்தைக் கீழே வைத்தான்.

"ஈயம் பட்ட கையோட சாண்ட்விச் தின்னாதேன்னு நாலு வருஷமா கத்தினேன். நீ எங்க கேட்டே."

"சூயி, என் பொழப்பே இந்த வண்டிலதான் இருக்கு. நீ வரலைன்னா நான் செத்தேன்."

"வர்றேன். கண்காட்சில வண்டி முன்னாடி வைக்கிற பலகைல நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்கணும். என் பேரு உன் பேருக்குக் கீழ இல்ல, பக்கத்துல."

"சத்தியமா."

ஐந்து வாரம் சூயி உழைத்தான். பழுதான தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு காரின் கூரையை வெட்டிக் கொண்டுவந்து பொருத்தினான். முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் ஈயத்தை இழைத்தான். டாய்லைக் கிட்டே வரவே விடவில்லை. முன் கண்ணாடிக்குப் பின்னால் கூரை சறுக்கிக்கொண்டு இறங்கிய விதத்தில், வண்டி நின்றபடியே ஓடுவதுபோல இருந்தது.

இரண்டு பெயர் போட வேண்டுமென்று டாய்ல் ரென்விக்கிடம் சொல்லத்தான் செய்தான்.

"போர்டெல்லாம் அச்சாயிடுச்சு. ஒரு வண்டிக்கு ஒரு பேர்தான் ஜனங்க மனசுல நிக்கும்" என்றார் அவர்.

வருடத்துக்கு மூன்று வண்டி என்ற பேச்சை நினைத்து டாய்ல் தலையாட்டிவிட்டான்.

கண்காட்சிக்கு சூயி மனைவி ஒஃபிலியாவோடு புது சூட் போட்டுக்கொண்டு வந்தான். பலகையைப் படித்தான். மறுபடியும் படித்தான். அந்நேரம் பார்த்து ரென்விக் மைக்கை டாய்லின் வாயருகே கொண்டுவந்தார்.

"இந்தக் கூரை யாரோட கைவேலை, மிஸ்டர் ஹட்சன்ஸ்?"

கூட்டத்தில் சூயியின் முகம் டாய்லுக்கு நன்றாகவே தெரிந்தது.

"என்னோடது" என்றான்.

 சூயி ஒஃபிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வெளியே போனான்.

அடுத்த வண்டி வரவே இல்லை. அக்டோபரில் டாய்லே போன் செய்து கேட்டான். ரென்விக் அன்பாகத்தான் பேசினார்.

"எங்க டிசைன் ஆளுங்க அந்தக் கூரைய அங்குலம் அங்குலமா அளந்துட்டாங்க. ரொம்ப உதவியா இருந்துச்சு. இனிமே அத ஃபேக்டரியிலயே பண்ணிடுவோம்."

மறு வருடம் அந்தக் கூரையோடு வண்டிகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. டாய்லின் மணிக்கட்டு நிமிரவில்லை. பட்டறையை மூடினான். இடது கையால் எழுதப் பழகி, நடந்ததை ஒளிக்காமல் ஒரு கார் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். பதில்கூட வரவில்லை. அந்தக் கடிதத்தின் நகலோடு பாயில் ஹைட்ஸுக்குப் போனான். சூயி வாசலிலேயே நின்று அதைப் படித்தான்.

"அன்னிக்கு மைக் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்" என்று சொல்லி, தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

டாய்லுக்கு அதே கம்பெனியின் ஷோரூமில் உதிரி பாகம் விற்கும் வேலை கிடைத்தது. குரோம் சக்கர மூடி, பக்கவாட்டுப் பட்டை, எல்லாம் இப்போது பெட்டியில் போட்டே வந்தன. கூரையைப் பார்த்து யார் வியந்தாலும், இதைச் செய்தவன் அரெயானோ, பட்டறை இந்தத் தெருவில் இருக்கிறது என்று முகவரியோடு சொன்னான். கம்பெனி பெருமையைக் கெடுக்காதே என்று மேனேஜர் இரண்டு தடவை எச்சரித்தார். மூன்றாவது தடவை கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

அவன் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து வெர்னா என்னவென்று கேட்டாள். சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவன் ஒற்றைக் கையால் கழற்றத் திணறிய கம்பெனிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.