கால் மணிக்கு ஒரு பக்கம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் சத்தம் போடக் கூடாது. அத்தை தூங்குவார். அப்பாவின் ஒரே தங்கை அவர். மற்ற நாள்களில் விடியுமுன்பே எழுந்து, எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறிக் கடலைத் தாண்டி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஓர் ஆபீசில் டைப் அடிக்கப் போவார். அவரைத் தூக்கத்தில் எழுப்பியதற்காக அம்மாவிடம் நான் வாங்கிய கிள்ளுகளுக்குக் கணக்கே இல்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தையின் வயிற்றில் நீர் கட்டியது. புற்றுநோய் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. 'வயித்துத் தண்ணி' என்றார்கள். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு அந்த நீரை இறக்கினார்கள். பிறகு அதே குழாய் வழியாக மருந்தை உள்ளே விட்டார்கள். அதற்கு முன் மருந்துப் பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, மிஸ்ஸி தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

"உள்ளுக்குள்ள வெந்நீர்க் குளியல் லா. நம்ம வீட்ல எனக்கு மட்டுந்தான் இந்த வசதி" என்பார் அத்தை.

மருந்து வயிறு முழுக்கப் பரவ, கால் மணிக்கு ஒரு தடவை அவர் புரண்டு படுக்க வேண்டும். எனக்குப் பள்ளி விடுமுறை. அம்மா வீட்டுக்குப் போய்ச் சமைத்து வரும்வரை மணி பார்க்கும் வேலை என்னுடையது. பிள்ளைகளை வார்டில் விடமாட்டார்கள். மிஸ்ஸி கண்டும் காணாமல் இருந்தார். அத்தை தன் கைக்கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டார். ஜன்னல் பக்கத்துக்கு ஆயர் ஈத்தாம், கதவுப் பக்கத்துக்குப் பட்டர்வொர்த் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"ஆயர் ஈத்தாம் பஸ் வந்துருச்சு அத்தை, ஏறுங்க!"

"மெதுவா ஓட்டு லா, குழாய் இழுக்குது" என்று முனகிக்கொண்டே புரள்வார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அத்தையைக் குணப்படுத்துவதே நான்தான் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை மருந்து விட்ட அன்று, பட்டர்வொர்த் பக்கம் பார்த்தபடியே அத்தை தூங்கிவிட்டார். வலியில் மூன்று நாளாகக் கண் மூடாதவர். வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட வந்தது. கால் மணி ஆயிற்று. கையை அவர் தோள் வரை கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் பிடித்து இழுத்தது. முக்கால் மணி நேரம் அவர் திரும்பவே இல்லை. மிஸ்ஸி எட்டிப் பார்த்து, "திரும்பியாச்சா?" என்று கேட்டபோது, "ஆச்சு மிஸ்ஸி" என்று கூசாமல் சொன்னேன்.

மூன்று வாரத்தில் வயிறு மறுபடி உப்பியது. ஆயர் ஈத்தாம் பக்கத்துக்கு மருந்து போகாததால்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் அத்தையிடம் கொட்டி அழுதேன்.

அவர் கை நீட்டி என் கண்ணைத் துடைத்தார். "அட, நான் எங்க தூங்கினேன்? பொரள சோம்பலா இருந்துச்சு, கண்ண மூடிக்கிட்டு நடிச்சேன். என் தப்பு லா அது. நீ ஏன் அழுற?"

அழுகை நின்றது, கோபம் வந்தது. நான் கண் இமைக்காமல் மணி பார்க்க, இவர் என்னை ஏமாற்றினாரா! கடிகாரத்தைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டுவிட்டு வெளியே போனேன். அப்புறம் அவர் கூப்பிட்டாலும் உம்மென்று இருந்தேன். அம்மா திட்ட வந்தபோது, "விடுங்க அண்ணி, கோவமாவே இருக்கட்டும். அழுறதுக்கு இது தேவல" என்றார் அத்தை. ஐந்தாம் நாள் அவருக்குப் பேச்சு நின்றது. பிறகு அவர் கண் விழிக்கவில்லை.

அந்த மருந்து நீர் ஊறுவதைச் சில காலம் தள்ளிப்போட மட்டுமே, நான் எழுப்பியிருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்பதெல்லாம் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அத்தைக்கு அப்போதே தெரியும். ஆனால் அதை என்னிடம் சொல்லித் தேற்ற வேண்டுமென்றால், தான் சாகப்போவதையும் சொல்லியாக வேண்டும். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது அவருக்கு அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் அதை அப்படியே நம்பி, அவர் பேசிக்கொண்டிருந்த கடைசி நான்கு நாளும் அவரோடு காய் விட்டிருந்தேன்.