மத்தாப்பு லேபிளில் ஒரு 'எஸ்'

இன்று மகளின் புதுப் புத்தகத்தைப் பிரித்ததும் எழுந்த மை வாசம், இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட சிவகாசி அச்சகத்துக்கு என்னைக் கொண்டுபோனது. பள்ளி விட்டதும் அங்கே போய், மிஷின்கள் தடதடக்க, அம்மா மத்தாப்பு லேபிள்களை அடுக்குவதைப் பார்த்தபடி மை காயாத தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் லேபிளில் 'சில்ட்ரன் லவ்ஸ்' என்றிருந்தது.

"பல பேருன்னா 'லவ்'தாம்மா வரும். 'எஸ்' வராது."

ஆங்கிலம் தெரியாத அம்மா நேரே முதலாளியிடம் போனாள். "மிஷின நிப்பாட்டுங்க மொதலாளி. லேபிள்ல தப்பிருக்கு."

"யாரு சொன்னா?"

"எம் மக."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. கண்ணாடியை மாட்டி, லேபிளை இரண்டு தடவை படித்துவிட்டு, மிஷினை நிறுத்தச் சொன்னார்.

அம்மா ஒரு கட்டு லேபிளை என் மடியில் வைத்தாள். "இன்னும் எங்கனயாச்சும் தப்பிருக்கா பாரு தாயி."