ரூபேந்திரன் வெளுத்த வாசல்

ரூபேந்திரனுக்கு இருட்டு ஆகாது. பயமெல்லாம் இல்லை, தொழில் அப்படி. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் டயர் கடைக்கு மேல்மாடியில் காளிதாஸ் நடத்தும் ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் போடுகிறவன் அவன். ஜொகூரில் கால்வாசித் தமிழ்ப் பெண்கள் தங்கள் கல்யாணப் படத்தில் மட்டும் ஐரோப்பாவில் பிறந்தவர்கள்போல இருக்கிறார்கள் என்றால், அந்தப் புண்ணியத்தில் பெரும்பங்கு ரூபேந்திரனுக்குச் சேரும். மணப்பெண், மாமனார், நாதஸ்வரக்காரர், குறுக்கே ஓடிய பிள்ளை என்று எல்லாரையும் ஒரே தொட்டியில் முக்கி எடுப்பான். மூக்கு இருந்த இடத்தில் இரண்டு துளை மிஞ்சும். வீட்டார் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "பளிச்சுன்னு இருக்கு லா" என்று மகிழ்ந்து போவார்கள். அவன் ஒருவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்.

சாஆ என்ற ஊரில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியே அவனை ஆளாக்கிய தாயார் வெள்ளையம்மாவையும் அவன் விட்டுவைக்கவில்லை. பிறந்தநாளுக்கு அவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பினான். அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி, "யாருய்யா இவங்க, நல்லா லட்சணமா இருக்காங்க" என்று கேட்டாராம். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் ரூபேந்திரன்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் சிங்கப்பூர் வாசல் திறந்தது.

காளிதாஸ் கொஞ்ச காலமாகக் கார்ட்டூனும் செய்துவந்தார். மாடியின் பின்னறையில் நாலைந்து கணினிகள், வாடகைக்கு எடுத்ததுபோல நாலைந்து இளசுகள். சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கான அனிமேஷன் எடுக்கும் இயக்குநர் ருமானா அவரிடம் ஒரே ஒரு காட்சியைக் கொடுத்து, செய்து காட்டுங்கள் என்றார். காட்சி தேறினால், தொடர் முழுவதற்கும் வண்ணம் பார்க்க ஓர் ஆளைச் சிங்கப்பூருக்கே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கலர் சூப்பர்வைசர். அந்த இரண்டு சொல் காதில் விழுந்ததும் ரூபேந்திரன் எழுந்து நின்றுவிட்டான்.

"பாஸ், இங்க கலர்னா யாரு? நான்தானே."

காளிதாஸுக்கு வேறு யாரையும் தெரியாது. சரி என்றார். அன்றைக்கே ரூபேந்திரன், கல்யாண வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டான். மனைவி பிரேமலா தங்காக்கில் இருக்கும் தன் அக்காளுக்குப் போன் போட்டு, "எங்க வீட்டுக்காரரு இனிமே சிங்கப்பூர்ல ஆபீசர்" என்று அறிவித்தாள். ஆக, கிடைக்காத வேலைக்கு இருந்த வேலையை விட்டாயிற்று. இனி அது கிடைத்தே தீர வேண்டும்.

காட்சி இதுதான். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடு, உள்ளே இருட்டு. ஒரு சிறுமி தனியே உட்கார்ந்திருக்கிறாள். வாசலுக்கு வெளியே உச்சிவெயில். உள்ளேயிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு வாசல் வெறும் வெள்ளைச் சதுரம். சிறுமி எழுந்து வாசலை நோக்கி ஓட, கேமராவும் பின்னால் போகிறது. வெயிலுக்குக் கண் பழகப் பழக, அந்த வெள்ளைக்குள்ளிருந்து தோட்டம் தெரிகிறது, பாதை தெரிகிறது, கோணிப்பையோடு வேலையிலிருந்து திரும்பும் அம்மா தெரிகிறாள். வசனம் கிடையாது. அம்மா தெரிவதுதான் கதை.

இதற்கு விளக்கு வைத்து, கணினிகளை நாள்கணக்கில் ஓடவிட்டுப் படம் படமாக வார்த்தெடுத்தவள், அதாவது ரெண்டர் செய்தவள், பின்னறை இளசுகளில் ஒருத்தியான லோஷினி. அந்தப் படங்களை இ.எக்ஸ்.ஆர் என்ற வகைக் கோப்பாகச் சேமித்திருந்தாள். ஜேபெக் போன்ற சாதாரணப் படக் கோப்பு ஒரு குவளை. தே தாரிக் தேநீரை அதில் விளிம்புவரை ஊற்றலாம், அதற்கு மேல் ஊற்றியது மேசையில்தான் ஓடும். வெள்ளைச் சட்டைக்கும் சூரியனுக்கும் அதில் ஒரே விளிம்பு. இ.எக்ஸ்.ஆர் அண்டா மாதிரி. சட்டை எவ்வளவு வெளிச்சம், சூரியன் அதைவிட எத்தனை மடங்கு என்று எல்லாம் அதில் தங்கும். திரையில் இரண்டும் வெள்ளையாகத் தெரிந்தாலும், பிறகு வெளிச்சத்தை இறக்கினால் அது அது தனித்தனியே வெளியே வரும். அம்மாவைப் பத்திரமாக ஒளித்துவைக்க ஏற்ற இடம்.

லோஷினி சொல்லத்தான் செய்தாள். "அண்ணே, இது ஹெச்.டி.ஆர் ஃபைல். வெள்ளைக்கு மேல இருக்கறதும் உள்ள இருக்கு. ஜேபெக்கா மாத்திடாதீங்க, அப்புறம் திரும்ப வராது."

"ஹெச்.டி.ஆர் தானேம்மா? என் போன்லயே இருக்கு." அவன் போனில் இருந்த ஹெச்.டி.ஆர் வேறு ஜாதி. கோபுரத்தைப் படம் பிடித்தால் அத்தனை சாமியும் வியர்த்துக் கொட்டியதுபோல மினுக்கும் ஒரு பொத்தான் அது.

"கதைப் படம் வரைஞ்சு கொடுத்திருக்காங்க. ஒருக்கா பாத்துருங்கண்ணே."

"கதை பாக்கறது டைரக்டர் வேலை. எனக்குக் கலர். நீ பால் குடிச்சப்போ நான் கேமரா புடிச்சவன், தெரியும்ல?"

லோஷினி அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். இவன் விழுந்தால் அந்த நாற்காலி நமக்கு என்று அவளும் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அடக்கம் என்று ஊர் புகழும் பல மௌனங்களுக்கு அடியில் இந்த மாதிரி ஏதாவது ஒன்று கிடக்கும்.

ரூபேந்திரன் ஒரு கோப்பைத் திறந்தான். அந்த வகைக் கோப்பைத் திரைக்கு ஏற்றபடி மாற்றித்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மங்கலாகத்தான் தெரியும். அவன் மாற்றவில்லை. மங்கலாகத் தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "என்ன லா இது, ஒரே கெலாப்பு, இருட்டடிச்சுக் கெடக்கு" என்று அலுத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். ஏற்றினான், ஏற்றினான், சிறுமியின் முகம் மணப்பெண் முகம் ஆகும்வரை ஏற்றினான். தோட்டத்துப் பிள்ளை என்று மாநிறமாக வரைந்திருந்தார்கள். அவன் கைபட்டதும் உரித்த முட்டைபோல ஆனாள். வாசல் வெள்ளை, முகம் வெள்ளை, சுவரும் பாதி வெள்ளை. திருப்தியோடு எல்லாவற்றையும் ஜேபெக்காகச் சேமித்தான். ஒவ்வொரு படமும் இறகு மாதிரி லேசாகிவிட்டது.

பக்கத்திலேயே அசல் கோப்புகள் மலைபோலக் கிடந்தன. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை. ஒரே படத்தை எதற்கு இரண்டு தடவை வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் அழுக்காக இருப்பதை? அழித்தான். ஆல்பம் முடிந்ததும் மூலப் படங்களை அழிப்பது அவன் வழக்கம். ஹபிஸ், வேலை முடிந்தது. வீட்டைப் பெருக்கியவன்போல நிம்மதியாகக் கையைத் தட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை ருமானா சிங்கப்பூரிலிருந்து எல்லைப் பாலம் தாண்டி வந்து சேர்ந்தார். பாலத்து நெரிசலில் பாதிப் பொறுமை ஏற்கெனவே போயிருந்தது. காளிதாஸ் கறிபாப் பலகாரம் வாங்கி அடுக்கி, ஏர்கோனைக் கூட்டி வைத்தார். ரூபேந்திரன் புதுச் சட்டையில் வந்திருந்தான். லோஷினியும் புதுச் சட்டைதான்.

காட்சி ஓடியது. முடியும் முன்பே ருமானா கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இந்தப் புள்ள ஏன் கோதுமை மாவுல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு?"

"அது ஃபினிஷிங் மேடம்."

"இவ எங்க வளந்தவ தெரியுமா? எறக்குங்க. அவ நெறத்துக்கு வரட்டும்."

ரூபேந்திரன் இறக்கினான். இறக்கினால் நிறம் திரும்பும் என்றுதான் அவனும் நம்பினான். ஆனால் வழிந்ததைத் துடைத்து எறிந்த பிறகு, குவளையை எப்படிச் சாய்த்தால் என்ன. வெள்ளை அப்படியே சாம்பல் ஆயிற்று. சிறுமி விபூதி பூசிய சிலை மாதிரி நின்றாள். வாசல் சிமெண்டு பூசிய சுவர் ஆயிற்று. காட்சியை அந்தக் கோலத்திலேயே ஓட்டச் சொன்னார் ருமானா. சாம்பல் சிறுமி எழுந்தாள், ஓடினாள், சிமெண்டுக்கு முன்னால் போய் நின்று அதைப் பார்த்து ஆசையாகச் சிரித்தாள்.

காளிதாஸ் கறிபாப்பைக் கீழே வைத்தார்.

"அம்மா எங்க?" என்றார் ருமானா.

எந்த அம்மா என்று கேட்கத்தான் ரூபேந்திரனுக்கு வாய் வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டான். கல்யாண வீட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும்போதும் சமாளித்த அனுபவம் கைகொடுத்தது.

"அம்மா வெளிச்சத்துல இருக்காங்க மேடம்."

"வெளிச்சத்துல எங்க?"

"கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. ஃபீல் பண்ணிக்கணும்."

"ஒரிஜினல எடுங்க."

லோஷினி தேடினாள். கோப்புறை இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. "அலமாக்" என்றாள், மெதுவாக. நாற்காலிக் கனவில் இருந்தவள் நகல் எடுத்துவைக்க மறந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"உள்ளதச் சொல்லணும்னா மேடம்," என்று ரூபேந்திரன் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டான், "அந்த ஃபைல்லயே அம்மா இல்ல. இந்தப் பிள்ளைங்க ரெண்டர்ல விட்டுட்டாங்க. நான் சொல்ல வேணாம்னு பாத்தேன்."

"அண்ணே, வாய் கூசல உங்களுக்கு?" என்றாள் லோஷினி. பிறகு ருமானாவிடம் திரும்பினாள். "மேடம், போன வாரம் வெயில் சரியா இருக்கான்னு ஒரே ஒரு ஃபிரேம் உங்களுக்கு அனுப்புனேன்ல."

ருமானா தன் லேப்டாப்பைத் திறந்து அந்த ஒற்றைப் படத்தை எடுத்தார். அதிலும் வாசல் வெள்ளைதான். ரூபேந்திரன் முகத்தில் ஒரு வெற்றி துளிர்த்தது. ருமானா வெளிச்சத்தை இறக்கத் தொடங்கினார். வெள்ளை சாம்பல் ஆகவில்லை. ஓரத்தில் வானம் நீலம் பிடித்தது. செம்பனை ஓலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. செம்மண் பாதை வந்தது. இன்னும் இறக்க, பாதையின் நடுவே ஒரு பெண். தலையில் துண்டு, இடுப்பில் கோணி, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு நடந்து வருகிறாள். கழுத்து வியர்வைகூட மின்னியது.

ரூபேந்திரன் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு படத்தை அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. ருமானா அதைக் கவனித்தார். அவருக்கும் இரக்கம் என்ற பலவீனம் இருந்திருக்க வேண்டும்.

"அழிச்சது தப்புதான், ஆனா அது பழகாத வேலை. பரவால்ல," என்றார். "இப்ப பாத்துட்டீங்கல்ல. சொல்லுங்க, இந்த ஃபிரேம் உங்க கைல வந்தா என்ன செய்வீங்க?"

வேலை இன்னும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒன்றும் செய்ய மாட்டேன் என்றால் போதும். சும்மா தலையை ஆட்டியிருந்தாலும் போதும். ரூபேந்திரன் அவசரப்படவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அந்தப் பெண்ணின் முகத்தை நன்றாக ஆராய்ந்தான்.

"அம்மா மொகம் கொஞ்சம் கெலாப்பா இருக்கு மேடம். லைட்டா ஒரு டச் ஏத்திடலாம்."

ருமானா லேப்டாப்பை மூடினார். காட்சியை மறுபடி ரெண்டர் செய்து கோப்புகளை நேரே தனக்கு அனுப்பிவிடும்படி காளிதாஸிடம் சொன்னார். வண்ண வேலை முழுவதையும் சிங்கப்பூரிலேயே பார்த்துக்கொள்வார்களாம், இங்கிருந்து ஆள் வேண்டாமாம். லோஷினியைப் பார்த்து, "நகல் இல்லாம வேலை செய்யறவங்கள நான் எப்படி நம்பறது?" என்று ஒரு கேள்வியையும் வைத்துவிட்டுப் படியிறங்கினார். இரண்டு புதுச் சட்டைகளும் வீணாயின.

வீட்டில் பிரேமலா வாசலிலேயே நின்றாள். "என்னங்க ஆச்சு?"

"அவங்களுக்குக் கலரே தெரியல. பாலம் தாண்டித் தாண்டி யாரு சாவறது? நான்தான் வேணாம்னுட்டேன்."

பிரேமலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தங்காக் அக்காளுக்குப் போன் போட்டு, அவன் சொன்னதை அப்படியே, இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். ஜாடிக்கேற்ற மூடி.

ஆல்பம் போடும் நாற்காலியில் அதற்குள் புது ஆள் வந்து உட்கார்ந்திருந்தான். காளிதாஸ் நல்ல மனிதர், அல்லது ஆளைத் துரத்தும் தைரியம் இல்லாதவர். மறுபடி ரெண்டர் ஓடும்வரை பின்னறையில் இருந்து, கணினிகள் நிற்காமலும் யாரும் எதையும் அழிக்காமலும் பார்த்துக்கொள் என்று ரூபேந்திரனையே காவல் வைத்தார். அவனும் வஞ்சகமில்லாமல் காவல் இருந்தான்.

ஒருநாள் கீழே டயர் கடை மூர்த்தி ஏர்கோன் காற்றுக்காக மேலே வந்தார். ஓடிக்கொண்டிருந்த கணினிகளைப் பார்த்து, "என்னப்பா இதெல்லாம்?" என்றார்.

"ஹெச்.டி.ஆர்ணே. சிங்கப்பூர் வேலை. ஒவ்வொரு ஃபைலும் என்ன கனம் தெரியுமா? சாதாரண ஆளுங்க இதுல கைய வெக்க முடியாது."

மூர்த்தி திரைக்குக் குனிந்தார். "வாசல் வெள்ளையாத்தானே இருக்கு. ஒண்ணுந் தெரியலையே."

"தெரியாதுண்ணே," என்றான் ரூபேந்திரன், பரிதாபத்தோடு. "உள்ள நெறைய இருக்கு. அதப் பாக்கத் தனிக் கண்ணு வேணும்."

மூர்த்தி அதை நம்பிக்கொண்டு இறங்கிப் போனார். கணினிகள் அம்மாவைப் படம் படமாக வார்த்துக்கொண்டிருந்தன. ரூபேந்திரன் அதில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. காலை நீட்டி, போனில் தன் முகத்தைப் படம் எடுத்து, அதை வெளுக்க ஆரம்பித்தான்.