ஜீனா கொடுத்த நோட்டீஸ்

கோவில்பட்டியில் டாக்டர் ரேணுகாதேவியின் கிளினிக்குக்கு வருகிற பெண்கள் முக்கியமான கேள்வியை டாக்டரிடம் கேட்பதில்லை. உள்ளே கால் உளைச்சலைச் சொல்வார்கள். வெளியே வந்து, கவுண்டரில் டோக்கன் கொடுக்கிற ஜீனாவிடம் குனிந்து, "சிஸ்டர், இன்னொண்ணு..." என்று தொடங்குவார்கள். ஜீனா படித்தது பி.காம். "உள்ள போய்க் கேளுங்கக்கா" என்றால், "அடுத்த தடவ பாத்துக்கிடுதேன்" என்று பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். அந்த அடுத்த தடவை வராமலே போனவர்கள் சிலரை ஜீனாவுக்குத் தெரியும்.

அதனால்தான் மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு எழுதி, பெண்கள் உடல்நலம் பற்றிய பிரசுரங்கள் ஒரு பெட்டி வரவழைத்தாள். சாப்பாடு, நடை, இரத்தசோகை, மாதவிலக்கு நின்றபின் வருகிற தொல்லைகள் எல்லாம் எளிய தமிழில் இருந்தன. டாக்டர் படிக்காமலே சம்மதித்தார். நிறையப் படித்தவர்களுக்கு அந்த வசதி உண்டு.

கோளாறு அட்டையில் இருந்தது. குன்றின்மேல் ஏறும் பாதை, உச்சியில் வெளிச்சம், கைகளை விரித்து நிற்கும் ஒரு பெண். மேலே, "புதுவாழ்வுக்கு வழி இதோ!" கொடுக்கிறவளோ பெந்தெகொஸ்தே சபைக்காரி: வெள்ளைச் சேலை, பொட்டில்லாத நெற்றி, கம்மலில்லாத காது. இந்தப் பக்கத்து பஸ் ஸ்டாண்டுகளில் நின்று பழகிய எவருக்கும் அந்தக் காட்சிக்கு ஒரே அர்த்தம்தான்: மதப் பிரசாரம்.

"நாங்க முருகனக் கும்பிடுதவுகம்மா" என்று கழுகுமலைக்காரி ஒருத்தி மரியாதையாக விலகிக்கொண்டாள். "இது எந்த சபை நோட்டீஸ்? வாங்கக் கூடாதுன்னு எங்க ஃபாதர் சொல்லிட்டாவ" என்றாள் ஒரு கத்தோலிக்கப் பெண். இத்தனைக்கும், சபையில் நோட்டீஸ் கொடுக்கக் கூப்பிட்டால் கூச்சப்பட்டு ஒளிந்துகொள்கிறவள் ஜீனா.

ஒருநாள் மாயகிருஷ்ணன் என்பவர் டாக்டரைத் தேடி வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அவர் மனைவி சொர்ணத்தாய் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"டாக்டரம்மா, மாத்திரை குடுங்க, ஊசி போடுங்க. சாமிய மாத்தாதீங்க."

அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. டாக்டரும் பார்த்ததில்லை என்பதால் வாதம் சமபலத்தில் நடந்தது.

"எனக்கு வம்பு வேண்டாம் ஜீனா," என்றார் டாக்டர், அவர் போனதும். "அட்டையக் கிழிச்சிட்டுக் குடு. இல்லன்னா பெட்டியத் திருப்பி அனுப்பிரு."

ஜீனாவுக்கு அது நியாயமாகவே பட்டது. தன் பேரும் சுத்தமாகும். மறுநாள் மதியம் ஆளில்லாத நேரத்தில் கிழிக்க உட்கார்ந்தாள். அட்டை போனால் முதல் பக்கத்திலேயே கர்ப்பப்பைப் படம், பெரிதாக.

அப்போது சொர்ணத்தாய் வந்தார்.

"ஏன் சிஸ்டர் கிழிக்குதீங்க?"

"ஒங்க வீட்டு அண்ணாச்சி புண்ணியந்தான்க்கா."

"அவிய கெடக்காவ. இந்தப் படத்த வெளிய காட்டிக்கிட்டு எவ பஸ்ல போவா? வீட்ல வச்சா எம்மவன் என்ன நெனப்பான்?"

"அட்டை இருந்தா அண்ணாச்சி சண்டைக்கு வாராவளே!"

"சண்டைக்கு வருவாவ, தொடமாட்டாவ. அடுத்தவுக சாமின்னாலும் சாமில்லா? கிழிச்சா பாவம், அடுப்புல போட்டா பாவம். 'என் கண்ணுல படாம வையி'ன்னுட்டாவ. அரிசி டப்பாவுக்குப் பின்னால வச்சு முழுசும் படிச்சிட்டேன்."

பிறகு குரலைத் தணித்தார். "அதுல ஒண்ணு போட்டிருக்கு. தீட்டு நின்னுபோன பெறவு திரும்பப் பட்டா உடனே காட்டணும்னு. எனக்குச் சித்திரைல இருந்து படுது."

ஜீனா டோக்கன் எழுதவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். டாக்டர் ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் எழுதினார்.

சாயங்காலம் டாக்டர் பெட்டியைக் காட்டிக் கேட்டார். "கிழிச்சாச்சா?"

"இல்ல டாக்டர். அட்டை இருந்தாத்தான் வீடுவரைக்கும் போகுது."

"ஊருக்குள்ள உன்னைய மதம் மாத்துதவள்னு சொல்லுவாங்களே?"

இல்லையென்று நிரூபிக்க ஜீனாவுக்கு இருந்த ஒரே வழி, அட்டையைக் கிழிப்பது.

"சொல்லட்டும் டாக்டர்."

இப்போது அவளாகக் கொடுப்பதில்லை, கேட்டு வாங்குகிறார்கள். "அந்தச் சாமி நோட்டீஸ் ஒண்ணு தாங்க சிஸ்டர், எங்க கொழுந்தியாளுக்கு." ஜீனா திருத்துவதில்லை.

சொர்ணத்தாய்க்குப் புற்றுநோய் ஆரம்ப நிலையில்தான் இருந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார். முருகன் காப்பாற்றினான் என்கிறார் மாயகிருஷ்ணன். மனைவியோடு கிளினிக்குக்கு வரும்போது மட்டும், ஜீனாவின் கை நோட்டீஸ் பெட்டிப் பக்கம் போகிறதா என்று ஒரு கண் வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.