அக்கா தெரிந்தெடுத்த பழுப்புத் தொப்பி

அக்காவின் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அதன் அட்டைப்படத்தை உறவினர் சிலருக்கு அனுப்பியிருந்தோம். ரொறன்ரோவிலிருந்து பெரிய மாமா உடனே தொலைபேசி எடுத்தார். "ஏன் மோனை, சீலையோடை ஒரு நல்ல படம் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். சீலையோடு எடுத்த படங்கள் நிறையவே இருக்கின்றன; அவற்றை உட்பக்கங்களில் காண்பீர்கள். அட்டையில் கௌபாய்த் தொப்பியோடு நிற்கும் அக்காதான் இருக்க வேண்டும் என்று அத்தானும் அக்காவின் மகளான என் மருமகளும் நானும் ஒரே மனதாக முடிவு செய்தோம். மாமாவைப் போல இன்னும் பலர் கேட்கக்கூடும் என்பதால், அந்தத் தொப்பி அக்காவிடம் வந்த கதையை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அக்கா மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தார். எங்கள் வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைசி. கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகினார். போர் எங்களைப் படகேற்றி இராமேஸ்வரக் கரையில் இறக்கியபோது குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தத் தையல்தான். அங்கே அகதி முகாமில்தான் அத்தானைக் கைப்பிடித்தார். அத்தான் முதலில் கனடா வந்தார். அகதி வழக்கு முடிந்து அக்காவை அழைப்பித்துக்கொள்ளும்வரை இருவரும் கண்ட துன்பத்தை அக்கா ஒருநாளும் விரித்துச் சொன்னதில்லை. "அது முடிஞ்சுது" என்பார். அதற்குமேல் கேட்க முடியாது.

பிரெஞ்சு பேசும் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றில் குடியேறினார்கள். மருமகள் அங்கேதான் பிறந்தாள். பின்னால் நான் வந்து சேர்ந்தபோது அந்த வீட்டின் சோபாவே எனக்குப் படுக்கையானது. அத்தானுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றி இறக்கும் வேலை. அக்கா ஒரு தையல் ஆலைக்குப் போனார். அந்த ஆலையின் ஜன்னல்களுக்கெல்லாம் வெள்ளைப் பூச்சுப் பூசியிருந்தார்கள். காலையில் போனால் வெளியே மழையா வெயிலா என்று மாலையில்தான் தெரியும். ஆலை மூடப்பட்டபோது கூட வேலை செய்த பெண்கள் அழுதார்களாம். அக்கா அழவில்லை. அடுத்த கோடையில், விடியற்காலை பார்க் மெற்றோ ரயில் நிலையத்தடியில் வந்து நிற்கும் வான் வண்டியில் ஏறி, ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் மரக்கறித் தோட்டமொன்றுக்குப் போகத் தொடங்கினார்.

அங்கே மண் கறுப்பு. சலாது இலை, வெங்காயம், முட்டைக்கோவா என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை வரிசையாக நிற்கும். குனிந்து செய்யும் வேலை, முதுகு முறியும். ஆனாலும் மாலையில் வீட்டுக்கு வரும்போது அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். "எவ்வளவு பெரிய வானம் தெரியுமோ, தம்பி" என்று ஒருநாள் சொன்னார். தையல் ஆலையைப் பற்றி அவர் அப்படி எதுவும் சொன்னதே இல்லை.

இரண்டாவது கோடையில் கன்னங்களில் சிவந்த தடிப்பு எழும்பியது. விரல் மூட்டுகள் வீங்கின. பரிசோதனைகளுக்குப் பிறகு இது லூபஸ் என்னும் நோய், வெயில் பட்டால் கூடும் என்று மருத்துவர் சொன்னார். கட்டடத்துக்குள் செய்யும் வேலை ஒன்றைத் தேடிக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். மொழிபெயர்க்க நான் கூடப் போயிருந்தேன்.

"கட்டாயம் விட வேணுமோ, இல்லாட்டி வெயில் படாமல் மறைச்சால் போதுமோ எண்டு கேள்" என்றார் அக்கா.

நான் கேட்டேன். அந்த மருத்துவர் பொறுமையானவர். மருந்து தவறக்கூடாது, நீளக்கை உடுப்பு வேண்டும், களிம்பு பூச வேண்டும், உச்சி வெயிலில் கொட்டகைக்குள் நிற்க வேண்டும், முகம் காது பிடரி எல்லாவற்றுக்கும் நிழல் விழும்படி சுற்றிவர அகல விளிம்புள்ள தொப்பி வேண்டும் என்றார். இவ்வளவும் செய்து ஒரு கோடை பார்க்கலாம், இரத்தப் பரிசோதனை மோசமானால் நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அத்தானுக்கு இது பிடிக்கவேயில்லை. "உமக்கென்ன விசரே? தோட்டமும் வேண்டாம், தொப்பியும் வேண்டாம். வீட்டிலை இரும். நான் உழைக்கிறன்தானே" என்றார்.

அக்கா கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "வீட்டிலை இருந்தால் நோய் குறையும், இஞ்சருங்கோ. நானும் குறைஞ்சுபோவன்."

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் கோபத்தில் போகவில்லை, பயத்தில்தான் போனார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தொப்பி கிடைப்பது நினைத்ததுபோல இலகுவாக இல்லை. மருமகளின் பேஸ்போல் தொப்பி நெற்றியை மட்டும் மறைத்தது. துணித்தொப்பியின் விளிம்பைக் காற்று மேலே புரட்டியது. மழையில் அது நனைந்து கண்ணை மூடியது. கடையில் வாங்கிய வைக்கோல் தொப்பி ஒரு மாதம் தாங்கியது. பிறகு விளிம்பு நாராக உதிர்ந்தது. தோட்டத்தில் வேலை செய்த மெக்சிக்கோக்காரரின் தொப்பிகள் மட்டும் ஆண்டாண்டாக அப்படியே இருப்பதை அக்கா கவனித்திருந்தார். எல்லாம் கௌபாய்த் தொப்பிகள். புதிதாக வாங்கப் போனால் நல்ல தொப்பியின் விலை எங்களுக்கு எட்டாது.

அப்போதுதான் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலுள்ள பிரெஞ்சுப் பங்குக் கோவிலின் நிலவறையில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் போனோம். மூலையில் ஒரு மேசையில் மூன்று கௌபாய்த் தொப்பிகள் இருந்தன. அவற்றை விற்ற மடாமுக்கு எழுபது வயதாவது இருக்கும். தொப்பிகள் இறந்துபோன தன் கணவருடையவை என்றும், அவர் சனிக்கிழமைதோறும் கௌபாய் நடனத்துக்குப் போகிறவர் என்றும் சொன்னார்.

நான் பளபளவென்றிருந்த கறுப்புத் தொப்பியை எடுத்து நீட்டினேன். அக்கா அதன் விளிம்பைப் பெருவிரலால் அழுத்தினார். மடிந்த தடம் அப்படியே நின்றது. "இது மட்டை மாதிரி, தம்பி. ஒருக்கா நனைஞ்சால் சரி" என்று கீழே வைத்தார். வெள்ளைத் தொப்பியைக் கவிழ்த்து விளக்குக்கு நேரே பிடித்தார். பூச்சி அரித்த துளைகளால் வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தது. அதையும் வைத்தார்.

மூன்றாவது பழுப்பு, மயிரை அழுத்திச் செய்தது. நிறம் மங்கி, ஒரு பக்கம் எண்ணெய்க் கறையோடு இருந்தது. நானாக இருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். அக்கா விளிம்பை வளைத்து விட்டார். துள்ளித் தன் இடத்துக்கு வந்தது. விளக்கில் பிடித்தார், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. தொப்பியைக் கழற்றும்போது எல்லோரும் பிடிக்கும் உச்சி மடிப்புத்தான் முதலில் கிழியும் என்று அந்த இடத்தை நெடுநேரம் தடவிப் பார்த்தார். உள்ளே நெற்றியில் படும் தோல்பட்டியை வெளியே புரட்டினார். தோல் வெடிக்கவில்லை, தையல் விடவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து விரலால் ஒரு துளி தெளித்தார். துளி உருண்டு கீழே விழுந்தது. கடைசியில் தலையில் போட்டுக்கொண்டு, அந்த நிலவறையின் நடுவில், முட்டைக்கோவா வெட்டுவதுபோலக் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்.

"உங்கள் அக்கா என்ன செய்கிறார்?" என்று மடாம் என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்.

"வேலைக்குப் போட்டுப் பார்க்கிறார்" என்றேன்.

மடாம் சிரித்தார். மேசையைச் சுற்றி வந்து, தானே தொப்பியை எடுத்து, பத்திரிகைத் தாள் ஒன்றை நீளமாக மடித்துத் தோல்பட்டிக்குள் செருகி மறுபடியும் அக்காவின் தலையில் வைத்தார். இப்போது தொப்பி அசையவில்லை. தன் கணவருக்கும் சிறிய தலைதான், அவரும் இப்படித்தான் தாள் செருகுவார் என்று சொன்னார். அக்காவுக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான் தெரியும். மடாமின் கையைப் பிடித்து "மெர்சி" என்றார். இருவரும் சற்று நேரம் கையை விடாமல் நின்றார்கள்.

தொப்பியை வாங்கிக்கொண்டு வரும் வழியில் நான், "கோடையிலை இந்த மயிர்த்தொப்பி வெக்கையாய் இருக்குமே, அக்கா" என்று சொன்னேன்.

"வேர்த்தால் துடைக்கலாம், தம்பி. வெயில் உள்ளை வந்தால் துடைக்கேலாது."

அன்று மாலை அத்தான் வேலையால் வந்தார். மேசையில் இருந்த தொப்பியை எடுத்து உள்ளும் வெளியும் பார்த்தார். குசினிக்குப் போய், ஆணியொன்றைக் குறட்டால் பிடித்து அடுப்பில் பழுக்கவைத்து, தொப்பியின் இரு பக்கமும் காற்றுப் போகச் சின்னத் துளைகள் போட்டார். வீடு முழுக்க மயிர் கருகிய மணம். "தலை அவியாமல் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அக்கா அதில் தாடைக்குக் கீழே கட்டும் நாடாவைத் தைத்துக்கொண்டார். அவர்களுடைய வாதம் அத்தோடு முடிந்தது.

தொப்பியோடு போன முதல் நாள் தோட்டத்து முதலாளி அக்காவைக் கண்டு, "போன்ஜூர், மடாம் கௌபாய்" என்றாராம். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ரொறன்ரோக் கலியாண வீடுகளில் எங்கள் சொந்தக்காரர் சிலர் அதைச் சொல்லிப் பகிடி பண்ணியதும் உண்டு. அக்கா அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். இலையுதிர் காலத்தில் இரத்தப் பரிசோதனைக்குப் போனோம். நோய் கூடவில்லை. மருத்துவர் அடுத்த கோடைக்கும் சம்மதித்தார். அப்படியே ஒவ்வொரு கோடையாக, மருமகள் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போகும்வரை அக்கா அந்தத் தோட்டத்தில் வேலை செய்தார். பிற்காலத்தில் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பாகவும் இருந்தார். அவரோடு வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்க, அவர்களையும் அதே நிலவறைக்குக் கூட்டிப்போய்த் தொப்பி தெரிந்து கொடுத்தார்.

ஒரு ஜூலை மாதம், பஞ்சாபிலிருந்து புதிதாக வந்த ஹர்ப்ரீத் என்ற கர்ப்பிணிப் பெண் வயலின் நடுவில் மயங்கி விழுந்தாள். கொட்டகை தூரத்தில் இருந்தது. அக்கா தன் தொப்பியைக் கழற்றி அவள் முகத்துக்கு மேலே பிடித்து, தண்ணீர் தெளித்து, வண்டி வரும்வரை அசையாமல் இருந்தார். பிறகு தொப்பியை அவளோடு அனுப்பிவிட்டு, முட்டைக்கோவா அடுக்கும் காலி மட்டைப்பெட்டியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாராம். முகம் கன்றிப்போய்ப் பல நாள் படுத்தார். அத்தான் ஏசினார். "அந்தப் பிள்ளை ரெண்டு உயிராய் விழுந்து கிடக்குது. நான் என்ர முகத்தைப் பாக்கிறதோ?" என்றார் அக்கா. ஹர்ப்ரீத்தின் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அக்காவின் இறுதித் திருப்பலிக்குத் தாயோடு வந்திருந்தான்.

நோய் சிறுநீரகத்தைத் தொட்டபோது, யாரும் சொல்வதற்கு முன்பே அக்கா வேலையை விட்டார். கடைசி நாளன்று தொப்பியைப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தலையோடு வீட்டுக்கு வந்தார். நினைவாக வைத்திருக்கலாமே என்று மருமகள் கேட்டதற்கு, "பாவிக்கிற சாமானை அலுமாரியிலை வைச்சால் பூச்சிதான் தின்னும்" என்றார்.

அதன்பிறகு இரண்டு குளிர்காலம் எங்களோடு இருந்தார். மருமகளின் திருமணத்தை முன்வரிசையில் இருந்து பார்த்தார். கடைசி வாரம் மருத்துவமனையில், ஏதாவது குறை இருக்கிறதா என்று நான் கேட்டேன். "வேலை செய்ய விரும்பின காலமெல்லாம் செய்துபோட்டன், தம்பி. கனபேருக்கு அது கிடைக்கேல்லை" என்றார். நற்கருணை பெற்று, அத்தானின் கை தன் கைக்குள் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைக் காத்த மருத்துவருக்கும் தாதியருக்கும், செபமாலை சொல்ல வீட்டுக்கு வந்த எங்கள் பங்கு மக்களுக்கும், நாள்தோறும் தோட்டத்து வான் வண்டியில் ஏற்றி இறக்கிய அண்ணைக்கும், இறுதிச் சடங்கன்று சமைப்பதற்குப் பெட்டி பெட்டியாக மரக்கறி அனுப்பிய தோட்டக் குடும்பத்துக்கும், தூர இடங்களிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

இதை எழுதி முடித்து அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். எந்த வரியையும் மாற்றச் சொல்லவில்லை. "அவ சந்தோசமாய் இருந்தவ எண்டு எழுதினனியோ?" என்று மட்டும் கேட்டார்.

எழுதியிருக்கிறேன், அத்தான்.